மரங்களின் முகவரி: பாலாற்றங்கரை முதல் ஜவ்வாது மலை வரை

திருப்பத்தூர் பேருந்து நிலையத்திலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் சன்னலுக்கு வெளியே மரங்கள் மாறிவிடும். வடக்கே வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் போனால் பாலாற்றங்கரையின் புங்கனும் தென்னையும். ஜோலார்பேட்டையைத் தாண்டி ஏலகிரி ஏறினால் பலாவும் நாவலும். கிழக்கே புதூர்நாட்டுக்கு மலையேறினால் கடுக்காயும் வேங்கையும், அதிர்ஷ்டம் இருந்தால் சந்தனமும். தெற்கே ஊத்தங்கரைச் சாலையில் வயல்வெளியெங்கும் பனையும் வேம்பும். ஒரு நாள் பயணத்துக்குள் இத்தனை வகை மரங்களைக் காட்டும் ஊர்கள் தமிழ்நாட்டின் சமவெளியில் அதிகம் இல்லை.

காரணம் நிலத்தின் அமைப்பு. ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 390 மீட்டர் உயரத்தில். ஒரு பக்கம் ஏலகிரி, மறுபக்கம் ஜவ்வாது என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகள் இரண்டு ஊரை அணைத்து நிற்கின்றன. இரண்டிலும் 1,000 மீட்டருக்கு மேல் எழும் மேட்டுநிலங்கள் உண்டு. மாவட்டத்தின் வடபகுதி நீர் பாலாற்றுக்குப் போகிறது. திருப்பத்தூரை ஒட்டிய பகுதியின் நீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்கின்றன. இரண்டுக்கும் நடுவே நீண்ட வறட்சியும் உண்டு.

ஒரு மரம் எங்கே நிற்கும் என்பதை உயரம், நீர், மண், மனிதர் ஆகிய நான்கும் சேர்ந்து முடிவு செய்கின்றன. முதல் மூன்றும் எல்லா ஊருக்கும் பொது. நான்காவதில்தான் வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய தோல் நகரங்களுக்கென்று தனிக்கதை இருக்கிறது. மரப்பட்டையை வைத்து வளர்ந்த தொழில், பிறகு மரங்கள் நிற்கும் மண்ணையே மாற்றிய கதை அது. மரங்களைத் தேடிப் போகிறவர் அந்தக் கதையையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

சாலையோரமும் ஊருக்குள்ளும்

சாலையோர மரம் என்றதும் நினைவுக்கு வருவது புளி. ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பழங்காலத்தில் வந்து, நம் குழம்பில் கலந்து, நம் மரமாகவே ஆகிவிட்டது. வறட்சியைத் தாங்கும், ஆழமாக வேர்விடும், நூறாண்டுகளைத் தாண்டியும் நிழல் தரும். மகசூலை ஏலம் விட்டு வருமானமும் பார்க்கலாம். அதனால்தான் அந்நாளைய நிர்வாகத்தினர் சாலைகளில் இதை வரிசையாக நட்டார்கள். நெடுஞ்சாலைகளை அகலப்படுத்தும்போதெல்லாம் முதலில் விழுந்ததும் இந்த மரங்கள்தான். எண் எழுதிய பழைய புளியமர வரிசைகளைப் பார்க்க இன்று கிளைச் சாலைகளுக்குத்தான் போக வேண்டும்.

அரசு அலுவலக வளாகங்கள், பழைய பள்ளிகள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றில் தேட வேண்டியவை வாகையும் தூங்குமூஞ்சியும். பலரும் இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுகிறார்கள். வாகை நம் நாட்டு மரம். பச்சை கலந்த வெண்ணிறத்தில் மணமுள்ள பூ. தட்டையான, வைக்கோல் நிற நெற்று. இலை உதிர்ந்த பிறகு, காற்றடித்தால் நெற்றுகள் சலசலவென்று ஒலிக்கும். தூங்குமூஞ்சி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பூ இளஞ்சிவப்பு, நெற்று தடித்துக் கருத்து, உள்ளே பிசுபிசுப்பான இனிப்புச் சதையோடு இருக்கும். மாடுகள் அதை விரும்பித் தின்னும்.

மாலையானதும் இரண்டுமே இலைகளை மடக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சிறு முண்டு ஒன்று இருப்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். அந்த முண்டின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, அதைத் தொடர்ந்து நீரும் வெளியேறும். அந்தப் பக்கம் தளர்ந்து இலை மடங்கிவிடும். விடிந்ததும் நீர் திரும்பி வர, இலை விரியும். தசையும் நரம்பும் இல்லாத உயிர் ஒன்று நீரை இடம் மாற்றியே அசையும் விந்தையை நம் ஊர்ப் பள்ளி மைதானத்திலேயே பார்க்கலாம்.

கோயில் வளாகங்கள் மற்றொரு நல்ல முகவரி. வில்வம், வன்னி, மகிழம், இலுப்பை போன்றவை வெளியே அருகிவிட்டாலும் கோயில் மதிலுக்குள் பிழைத்திருக்கின்றன. குளக்கரை நாகர் சிலைகளின் அருகே அரசும் வேம்பும் இணைந்து நிற்கும். ஆலும் அரசும் அத்தி இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் பூக்கள் காய் போன்ற உறைக்குள் மறைந்திருக்கும். அதனுள் நுழைந்து மகரந்தச் சேர்க்கை செய்வது கொசுவைவிடச் சிறிய குளவி. ஆலுக்கென்று ஒரு வகைக் குளவி, அரசுக்கென்று வேறொரு வகை. வேறு மரங்களில் பழம் இல்லாத மாதங்களிலும் ஏதேனும் ஓர் ஆலமரம் பழுத்திருப்பதால், குயிலுக்கும் குக்குறுவானுக்கும் அது பஞ்சம் தாங்கும் களஞ்சியம்.

ஏரிக்கரையின் முள்மரங்கள்

ஏரிக்கரையில் முள்ளோடு நிற்பதெல்லாம் சீமைக்கருவேலம் என்று நினைத்து வெட்டிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. இது வேதனையான விஷயம். இந்த வட்டாரத்தில் குறைந்தது நான்கு வகை முள்மரங்களைப் பிரித்தறிய வேண்டும்.

நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டைப் பூ. ஒவ்வொரு விதைக்கும் நடுவே இடுங்கி, மணி கோத்ததுபோன்ற நெற்று. பட்டை கருத்து, நீளவாக்கில் வெடித்திருக்கும். ஏரி நிரம்பி மாதக்கணக்கில் அடிமரம் நீரில் நின்றாலும் இது அழுகாது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தின் கீழ் தமிழகத்தின் ஏரிகளுக்குள் வனத்துறை கருவேலத்தை வளர்த்ததற்கு இந்தக் குணங்களே காரணம்.

வெள்வேலத்தைப் பட்டையிலேயே கண்டுகொள்ளலாம். வெளுத்து, மஞ்சள் ஓடியிருக்கும். ஏரிக்குள் இறங்காமல் மேட்டு நிலத்தில் நிற்கும். மூன்றாவதான வன்னிக்கு முட்கள் இணை இணையாக இராமல் கிளை நெடுகச் சிதறியிருக்கும். நெற்று மெலிந்து நீண்டிருக்கும். நான்காவது சீமைக்கருவேலம். அதன் கிளை வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு முட்கள். பூ உருண்டையாக இராமல் கதிர்போலத் தொங்கும். கடும் கோடையிலும் பச்சையாகவே இருக்கும்.

1870களில் விறகுத் தேவைக்காக அன்றைய சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம், ஆடுமாடுகளின் சாணத்தின் வழியே ஊரெங்கும் பரவியது. நெற்றின் இனிப்புக்காகக் கால்நடைகள் தின்ன, விதை சேதமின்றி வெளியேறி உரத்தோடு முளைத்தது. தன் நிழலில் பிற செடிகளைத் தலையெடுக்க விடாத இதை அகற்றத்தான் வேண்டும். அதன் பெயரால் கருவேலத்தையும் வன்னியையும் இழந்துவிடக் கூடாது. பொக்லைன் இயந்திரம் ஏரிக்குள் இறங்கும் முன், இந்த நான்கையும் பிரித்தறியத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

ஏரிக்கரையை இறுக்கிப் பிடித்திருப்பது பனை. ஆண் பனை, பெண் பனை என்று தனித்தனி மரங்கள். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பாளை விட்ட பிறகே எது எதுவென்று தெரியும். நுங்கு வேண்டி நடுகிறவர் ஒரு தலைமுறைப் பொறுமையோடுதான் நட வேண்டும். நம் மாநில மரம் இதுதான்.

பாலாறும் உப்பும்

ஆற்றங்கரைக்குரிய மரங்கள் நீர்மருது, அத்தி, புங்கன், நாவல். நீர்மருதின் பட்டை வெளிறி வழவழப்பாக இருக்கும், ஏடு ஏடாக உரியும். காயில் ஐந்து இறக்கைகள் இருக்கும். காய்ந்த காய் நீரில் மிதந்து போய்க் கரை ஒதுங்கும் இடத்தில் முளைக்கும். அதனால்தான் மருது ஓடையை விட்டு விலகுவதில்லை. ஆண்டியப்பனூர் பக்கமும் ஜலகாம்பாறை பக்கமும் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் இந்தக் கூட்டத்தை இன்றும் தேடலாம்.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. மேலே ஓட்டம் இல்லாதபோதும் மணலுக்கடியில் நீர் ஊறிப் போகும். கரை மரங்களின் வேர் அந்த ஊற்றை நம்பியே வாழ்ந்தது. மணல் அள்ளியதில் ஊற்று இறங்கியது. தோல் கழிவு சேர்ந்ததில் ஊற்று உப்பானது.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதில் உப்புத் தடவிப் பதனிடும் ஆலைக்குக் கொண்டுவருகிறார்கள். முதல் வேலையாகத் தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுகிறார்கள். கழுவிய நீர் பல பத்தாண்டுகளாக நிலத்துக்கும் ஆற்றுக்கும் போனது. மண்ணில் உப்பு ஏறினால் மரத்துக்கு இரண்டு விதத்தில் கேடு வரும். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் மாங்காய் நீர் விடுவதுபோல, மண்ணின் உப்பு வேரிலிருந்து நீரைத் தன் பக்கம் இழுக்கும். நிலம் ஈரமாக இருந்தும் மரம் தாகத்தில் வாடும். அத்தோடு, சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடுவதால் மண் இறுகி, காற்றும் நீரும் உள்ளே போக வழியில்லாமல் ஆகும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதைப் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும், கேடு வரும் முன்னரே காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. உலகச் சுற்றுச்சூழல் சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இயங்குகின்றன. இருந்தும், 2025 ஜனவரியில் பாலாற்று மாசு தொடர்பாக உச்ச நீதிமன்றம் மீண்டும் கண்டிப்பான உத்தரவுகளைப் பிறப்பிக்க நேர்ந்தது.

மரம் தேடுபவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஆற்றங்கரையில் மாவும் வாழையும் மறைந்து, புங்கனும் கருவேலமும் சீமைக்கருவேலமும் மட்டும் மிஞ்சியிருந்தால், அந்த மண்ணில் உப்பு இருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும். இந்த மூன்றும் உப்பைத் தாங்கக் கூடியவை. எந்த மரம் இருக்கிறது என்பதோடு எந்த மரம் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பட்டை தந்த தொழில்

வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் நகரங்களாக வளர்ந்ததற்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் மட்டும் போதவில்லை, மரங்களும் வேண்டியிருந்தன. தென்னிந்தியத் தோல் பதனிடும் முறையின் உயிர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஆவாரை புதர், மலையடிவாரத்துச் செம்மண் தரிசில், மஞ்சள் பூவோடு, ஏறக்குறைய ஆண்டு முழுவதும் நிற்கும். கடுக்காய் மலைச்சரிவின் பெருமரம். ஒன்று கீழே, ஒன்று மேலே. இரண்டும் கூப்பிடு தூரத்தில் கிடைத்தது தொழிலுக்கு வாய்த்த கொடை.

இரண்டிலும் இருப்பது டேனின் என்னும் துவர்ப்புப் பொருள். மரம் இதைத் தன் தற்காப்புக்காகச் செய்கிறது. பட்டையைத் துளைக்கும் பூச்சியின் குடலுக்குள் போனதும் டேனின் அங்குள்ள புரதத்தைப் பற்றிக்கொள்ளும், பூச்சிக்குச் செரிக்காது. கடுக்காயை வாயில் போட்டதும் நாக்கு வறண்டு இழுப்பதும் இதனால்தான். நம் உமிழ்நீரின் புரதத்தை அது பற்றிக்கொள்கிறது. தோல் என்பதும் கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். ஊறவைத்த தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டால் டேனின் அந்த இழைகளுக்கிடையே புகுந்து, நீர் இருந்த இடங்களில் தான் அமர்ந்து, இழைகளைப் பிணைக்கும். அதன் பிறகு கிருமிகளால் அதை அழுகவைக்க முடியாது. மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த பொருளே செருப்பையும் நீர் இறைக்கும் கமலைத் தோலையும் காத்தது.

ஆவாரம்பட்டையால் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். இறுதியாகக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்தால் நிறம் இளமஞ்சளாக நிலைக்கும். வேதியியல் பாடப்புத்தகம் வருவதற்கு முன்பே தொழிலாளர்கள் கைப்பழக்கத்தில் கண்டறிந்த நுட்பம் இது. கடுக்காயின் டேனினை வீட்டிலும் சோதிக்கலாம். கடுக்காயை இடித்து வெந்நீரில் ஊறவைத்து, துருப்பிடித்த ஆணி ஒன்றை அதில் போட்டால், நீர் மெல்ல மெல்லக் கருப்பு மையாக மாறும். இரும்பும் டேனினும் சேர்ந்ததன் நிறம் அது. இப்படிப் பதனிட்ட தோல் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் உலகச் சந்தையில் விலைபோனது. இப்போது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

1903-ஐ ஒட்டி ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலைச் சோதித்தார். பட்டை முறையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை, குரோம் உப்பில் ஒரு நாளில் முடிந்தது. ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தின் பட்டைச் சாறும் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோம் முறையே மேலோங்கியது. ஆவாரையை உரிக்க ஆள் வருவது நின்றுபோக, மரத்துக்கும் தொழிலுக்கும் இருந்த உறவும் அறுந்தது. பட்டை முறையிலும் கழிவு உண்டு, உப்பும் உண்டு. அதைத் தூய்மையான பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தொழிலுக்கு மரம் தேவைப்பட்டவரை, மரம் நிற்கும் இடத்தையும் தொழில் தெரிந்து வைத்திருந்தது.

மலைச்சரிவில்

மலையடிவாரம் புதர்க்காடு. உசில், வெப்பாலை, இலந்தை, கிளுவை, விராலி ஆகியவை இங்கே கிடைக்கும். உசில் இலையைக் காயவைத்துப் பொடித்தால் அரப்பு. வெப்பாலைக்கு நுனியில் ஒட்டிய இரட்டைக் காய். இலையைக் கிள்ளினால் பால். கிளுவையின் மேல்பட்டை காகிதம்போல உரியும். உள்ளே பட்டை பச்சையாக இருக்கும். இலை முழுவதும் உதிர்ந்த கோடையிலும் அந்தப் பச்சைப் பட்டை வெயிலைக் கொண்டு கொஞ்சம் உணவு தயாரித்துக்கொள்கிறது.

சரிவில் ஏறினால் இலையுதிர் காடு. வேங்கை, கடுக்காய், தான்றி, வெக்காலி, கருமருது, ஆங்காங்கே மூங்கில். மாசி, பங்குனியில் இந்தக் காடு பட்டுப்போனதுபோல் தெரியும். உண்மையில் அது சிக்கனம் பிடிக்கும் காலம். ஓர் இலை உணவு செய்ய வேண்டுமானால் துளைகளைத் திறந்து நீரை இழக்க வேண்டும். மண்ணில் நீர் இல்லாத மாதங்களில் இலையை வைத்திருப்பது மரத்துக்கு நட்டம். இலையிலுள்ள சத்தில் முடிந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு, காம்படியில் ஒரு தடுப்பை வளர்த்து, இலையைக் கழற்றிவிடுகிறது. அந்தச் சருகில் யாரோ வீசும் பீடித் துண்டு காட்டையே எரிக்கிறது.

சந்தனத்தின் ஊர்

திருப்பத்தூருக்குச் சந்தன நகரம் என்று ஒரு பெயர் உண்டு. வனத்துறையின் சந்தனக் கிடங்குகள் தமிழ்நாட்டில் சேலம், சத்தியமங்கலம், திருப்பத்தூர் ஆகிய மூன்று ஊர்களில்தான் இருக்கின்றன. ஜவ்வாது மலையின் சந்தனம் இங்கே தரம் பிரிக்கப்பட்டு ஏலம் போகிறது.

காட்டில் சந்தன மரத்தைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் அது மணக்காது. மணம் வயிரத்திலும் வேரிலும் மட்டுமே. இலைக்கும் பூவுக்கும் மணம் இல்லை. எதிரெதிராக அமைந்த வழவழப்பான சிறு இலைகள், கருஞ்சிவப்பு நிறத்தில் கடுகளவு பூக்கள், பழுத்தால் கருநாவல் நிறத்தில் சிறு உருண்டைப் பழங்கள். கொண்டைக்குருவியும் குயிலும் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். பறவை உட்காரும் வேலியோரம், புதரோரம் பார்த்தால் கன்று கிடைக்கும்.

சந்தனம் அரை ஒட்டுண்ணி. தன் இலையில் உணவு தயாரிக்கும். நீரையும் தாதுச் சத்தையும் அண்டை மரத்தின் வேரில் உறிஞ்சும் உறுப்பைப் பதித்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நாற்றங்காலில் சந்தனக் கன்றோடு ஒரே பையில் பொன்னாங்கண்ணியோ துவரையோ வளர்க்கிறார்கள். தோட்டத்தில் நட்டபின் புங்கன், சவுக்கு போன்ற நீண்டகாலத் துணை வேண்டும். துணையற்ற வெறும் நிலத்தில் சந்தனத்தை நட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. வயிரம் ஏறப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். வேரிலும் எண்ணெய் இருப்பதால் அறுவடையின்போது வெட்டாமல் வேரோடு தோண்டி எடுப்பார்கள்.

பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனமும் ஒரு காலத்தில் அரசுக்கே சொந்தம். வம்பு எதற்கு என்று கன்றிலேயே பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. 2002-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி, நில உடைமையாளர் வளர்க்கும் உரிமையைத் தந்தது. வெட்டவும் விற்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். மலையில் அதற்குள் பெருமரங்கள் கடத்தலில் போய்விட்டன. 1998 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் சந்தனம் அழியும் ஆபத்தை நோக்கிச் செல்லும் இனம்.

விலை கூடிய மரம் மனித உயிரையும் கேட்கும். ஆந்திரத்தின் சேஷாசலம் காடு செம்மரத்தின் தாயகம். 2015 ஏப்ரல் 7 அன்று அங்கே ஆந்திரக் காவல்துறை சுட்டதில் தமிழ்நாட்டு மரவெட்டிகள் 20 பேர் இறந்தார்கள்; ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் உண்டு. தன் மலையில் கடுக்காயும் தேனும் புளியும் எடுத்துக் கௌரவமாகப் பிழைக்க வழியிருந்தால், யாரும் அடுத்த மாநிலத்துக் காட்டுக்குள் கோடரியோடு போகமாட்டார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனமகசூலில் மலைவாழ் மக்களுக்குத் தந்திருக்கும் உரிமையை முழுமையாக நடைமுறைப்படுத்துவதே மரத்துக்கும் மனிதருக்கும் காவல்.

மலைமேல்

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். திருப்பத்தூரைவிட ஏலகிரி நான்கைந்து டிகிரி குளிர்ச்சியாக இருப்பது இந்தக் கணக்கில்தான். பொன்னேரியிலிருந்து ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் மரங்கள் மாறுவதைச் சன்னலோரம் அமர்ந்தே பார்க்கலாம். கீழ் வளைவுகளில் முள்ளும் புதரும். நடுவில் இலையுதிர் மரங்கள். மேலே அத்தனாவூர், நிலாவூர் பக்கம் பலா, மா, நாவல், கொய்யா. ஆனால் மேலே காண்பவற்றில் பெரும்பகுதி மனிதர் நட்டவை. யூக்கலிப்டஸும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாவின் பிள்ளைகள். மலையின் சொந்த மரங்களைப் பார்க்க ஓடைப் பள்ளங்களுக்குள் இறங்க வேண்டும். நீர் கசியும் மடிப்புகளில் கோடையிலும் இலை உதிராத மரங்கள் நெருங்கி நிற்கும்.

ஜவ்வாது மலையில் ஆலங்காயம் வழியாக ஏறினால், 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வைணு பாப்பு வானியல் ஆய்வகம். 1960களின் பிற்பகுதியில் வானியலாளர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது, நகர வெளிச்சமும் புழுதியும் எட்டாத காட்டைத்தான் தேடினார். 1986 முதல் இங்கே இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அந்தக் காடு தரும் இருள் இன்றியமையாதது. மரங்கள் வானியலுக்கும் காவல் நிற்கும் இடம் அது.

எப்போது போக வேண்டும்?

மரத்துக்கு இடம்போலவே காலமும் முகவரியில் சேரும். மாசியில் இலையற்ற மலைச்சரிவில் பலாசு செம்மஞ்சளாகவும், பாறைகளுக்கிடையே கோங்கிலவு பொன்மஞ்சளாகவும் பூக்கும்; தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். பங்குனியில் புங்கன் உதிர்த்துத் துளிர்க்கும், வேம்பு பூக்கும். சித்திரையில் சரக்கொன்றையும் வாகையும். ஆனியில் நாவல். கடுக்காயைப் பார்க்கத் தை, மாசி.

பூ, காய், பட்டை, இலைக்காம்பு ஆகிய நான்கையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இலையை மட்டும் எடுத்தால் அடையாளம் காண முடியாது. மரம் நின்ற இடத்தையும் எழுதுங்கள்: கரையா, மேடா, பாறையா, ஓடையா. பட்டையை வெட்டிப் பார்க்க வேண்டாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைய வேண்டாம். ஆடு மேய்ப்பவரிடமும், சந்தைக்கு வரும் மலைக்காரப் பெண்களிடமும் பெயர் கேளுங்கள். முறையான துணைக்கு, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தில் பாதிரியார் கே.எம். மேத்யூ தொகுத்து 1981 முதல் வெளியான தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவர நூல் இருக்கிறது. கிழக்கு மலைகளையும் சமவெளிகளையும் பல்லாண்டுகள் சுற்றி எழுதப்பட்ட நூல் அது.

ஆண்டுதோறும் மழைக்கு முன் ஊரெங்கும் மரக்கன்று நடும் விழாக்கள் நடக்கின்றன. நல்ல மனதோடு நடும் கன்றுகளில் பல, இடம் பொருந்தாததால் அடுத்த கோடையைத் தாண்டுவதில்லை. ஏரிக்குள் கருவேலம், கரைமேல் பனை, ஓடையோரம் நீர்மருதும் அத்தியும், உப்பேறிய நிலத்தில் புங்கன், சாலைக்குப் புளியும் வாகையும், அடிவாரத் தரிசில் உசிலும் ஆவாரையும், துணையோடு சந்தனம். இந்தப் பட்டியல் புதியதன்று. இந்த மண்ணே பல நூற்றாண்டுகளாக எழுதி வைத்திருப்பது. 2019 நவம்பரில் பிறந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரின் மரங்களை இடத்தோடு சேர்த்து ஒரு நோட்டில் பதிவு செய்யட்டும். கன்று வாங்கப் போகும் முன் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அங்கே ஏற்கனவே தழைத்திருக்கும் மரம் எதுவோ, அதையே நடுங்கள்.